உலகம்மாள் வீட்டில் பார்த்தாச்சா?

தையற்கடை மாசானத்தைச் சுடுகாட்டில் எரித்த மறுநாள் காலை, பால் குளிரூட்டும் நிலையத்தில் இராவேலை முடித்து வந்து, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போன சொரிமுத்து, இத்தனை வருசமாகச் சொல்லிவந்த மாதிரியே "ஒரு டீ" என்று சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை, உதட்டிலிருந்து மூன்று பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்து, கிளாசுகள் கவிழ்த்து வைத்திருந்த தகர மேசைமேல் டக், டக், டக் என்று விழுந்தன. தீப்பெட்டியைவிடச் சின்னவை, எந்தப் பக்கம் திருப்பினாலும் சதுரம், விளிம்பில் மட்டும் மை இழுத்த மாதிரிக் கறுப்புக் கோடு, எடை வெங்காயச் சருகுக்கும் கீழே. டீக்கடை வன்னியராசு ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை.

"எழுத்துக்கு ஒண்ணு வருது போல," என்றான். "ஸ்ட்ராங்கா லைட்டா வே?"

நாலு பெட்டி விழுந்தது.

"நாலுன்னா ஸ்ட்ராங்கு. லைட்டுன்னா ரெண்டோட நின்னிருக்கும்லா," என்று சொல்லிவிட்டு வன்னியராசு பெட்டிகளைத் துண்டால் துடைத்துச் சீனி டப்பா பக்கத்தில் அடுக்கினான், டீயை ஆற்றினான். பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு, கீழே உருண்டு வந்த பெட்டிக்கு வழிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். பேச்செல்லாம் மாசானத்தைப் பற்றித்தான்.

"கூடப்பொறந்த அக்காக்காரி எட்டிப் பாக்கலயே வே. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான இருக்கா, நடந்தா வெத்தல போட்டுத் துப்புற தூரம்."

"மாசானம் பொண்டாட்டிக்கும் அவளுக்கும் ஆவாதுல்லா. அந்தக் கோவம்."

"சாவுல என்னவே கோவம்? உலகம்மா அப்படிப்பட்டவ இல்லயே. தெனமும் காலைல தம்பிக்கு இட்லி எடுத்து வச்சிட்டுத்தான் யாவாரத்தத் தொடங்குவா."

"சேதி எல்லாருக்கும் போச்சுல்லா. எனக்கு வந்துச்சு, உமக்கு வந்துச்சு. அவளுக்கு மட்டும் வராமலா இருக்கும்?"

சொரிமுத்து டீயை முழுக்கக் குடிக்காமல் எழுந்து வீட்டுக்கு வந்தான். வீட்டு நடையைத் தாண்டியதும் மனைவியிடம், "பிரமு, தண்ணி கொண்டா," என்றான். அது பேச்சாகவே வந்தது. அவனுக்கு அப்போதே விளங்கிவிட்டது. தன் வீட்டில் மட்டும் வரும், வேறெங்கும் வராது.

நொச்சிக்கரையில் ஒரு சாவென்றால் வீடு வீடாகக் கேதம், அதாவது சாவுச்சேதி, சொல்லியாக வேண்டும். சொல்லாத வீட்டார் வரமாட்டார்கள், சொல்லாமல் விட்டதை அவர்கள் பேரப்பிள்ளைகள்கூட மறக்கமாட்டார்கள், கேதம் சொல்லாத சாவு அந்த வீட்டைப் பொறுத்தவரை நடக்காத சாவு என்று ஒரு சொலவடையே அங்கே உண்டு. முன்பு அதற்கென்று சில குடும்பங்களை வைத்திருந்தார்கள். வெயிலோ மழையோ அவர்கள்தான் வாசல் வாசலாகப் போய், உள்ளே ஏறாமல் தெருவில் நின்று சொல்லிவிட்டு வரவேண்டும். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் படித்து, இனிமேல் உங்கள் சாவை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது ஊருக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது, அதற்குப் பிறகு 'ஊர்ச்சேதி' வந்தது. ஊர்ச்சேதி என்பது யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் திறந்து கிடக்கிற ஒரு மென்பொருள். ஒருவரையொருவர் முகம் பார்த்திராத யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ இருந்துகொண்டு, கூலி இல்லாமல் ஆளுக்கொரு கை வைத்து எழுதியது. ஒரு வீட்டில் தட்டினால் ஊரிலுள்ள அத்தனை கைபேசியிலும் தமிழில் சேதி போய் விழும். குழாயில் தண்ணீர் வருகிற நேரம், ரேசன் கடை திறக்கிற நாள், காதுகுத்து, சாவு.

அந்த எழுதுகிற கைகளில் சொரிமுத்துவின் கையும் ஒன்று. பத்தாவதோடு படிப்பை விட்டவன். இரவெல்லாம் பால் தொட்டியின் சூட்டைக் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. முள் அசையாமல் நின்றால்தான் வேலை ஒழுங்கு. அசையாத ஒன்றை இராமுழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மனசு சும்மா கிடக்குமா, ஒரு பழைய மடிக்கணினியை வாங்கிவைத்துக்கொண்டு, யாரும் சொல்லித்தராமல், விழுந்து எழுந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டான். ஊர்ச்சேதியின் எழுத்து அவனுக்கு அழகாகப் படவில்லை. புதிதாக வந்திருந்த ஓர் எழுத்து வடிவத்தை அதற்குள் கொண்டுவந்தான். சுழி சுழியாக, கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்தது. அனுப்புவதற்கு முன்னால், புதிய கைபேசி, பழைய கைபேசி, கணினி எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்த இடத்தில், தன் வீட்டில் தன் கருவியில் மட்டும் பார்த்திருந்தவன், இங்கே வருவது அங்கே வராதா என்று நினைத்து, "பார்த்தேன்" என்று எழுதினான். ஒரே ஒரு வார்த்தை. எழுதும்போது ஒரு நொடி யோசிக்கக்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது கூசியது.

பெட்டி விழுவது ஊருக்கு இரண்டொரு நாளில் பழகிவிட்டது. நொச்சிக்கரை எதையும் வீணாக்குகிற ஊர் இல்லை. மேல்பக்கத்தை அரிவாள்மனையில் சீவிவிட்டால் பெட்டி கடுகு போட உதவியது, வெந்தயம் போட உதவியது, கத்தரி நாற்று விட உதவியது. மழையில் நனையவில்லை, கறையான் ஏறவில்லை. அவன் தெருவில் நடந்தால் பெண்கள் வலிய வந்து, "அண்ணே, மதினி சொகமா? பிள்ளைய சொகமா? சோலியெல்லாம் எப்படிப் போவுது?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லச் சொல்ல முந்தானையில் ஏந்திக்கொண்டு போனார்கள். "சுருக்கமாச் சொல்லாதிய அண்ணே, விவரமாச் சொல்லுங்க," என்று ஒருத்தி கேட்டாள். பேரூராட்சியில் அது மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று ஒரு பிரச்சினை கிளம்பி, பேச்சுதான், நாளாவட்டத்தில் மக்கிப்போகும் என்று ஒருவரும், இவன் பேச்சு மக்காது என்று இன்னொருவரும் வாதாடி, முடிவெடுக்காமல் கலைந்தார்கள். ஒரு கட்சிக்காரர் வந்து, கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசித்தர முடியுமா, வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு நாலு கொடுத்துவிடலாம் என்று கேட்டார். பால் நிலைய மேலாளர் மட்டும், "தொட்டிகிட்ட வாயத் தொறந்திராதியும் வே, பால்ல விழுந்தா வடிகட்ட முடியாது," என்று சொல்லி அவனுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒரு மனிதனின் பேச்சு வெறும் கூடாகிப்போனதை இவ்வளவு அன்பாக, இவ்வளவு உபயோகமாக ஓர் ஊர் எடுத்துக்கொண்டால் அவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பான்? அடுத்த வீட்டு அடுப்பங்கரையில் தன் பொய் வரிசையாக நின்று சீரகத்தைக் காப்பதைச் சன்னல் வழியாகப் பார்க்கிறபோதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இதற்கிடையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சேதி வந்தது. உலகம்மாள் அழவில்லை. காலையில் வழக்கம்போல இட்லி ஊற்றுகிறாள், வழக்கம்போலத் தம்பி பங்கை எடுத்துத் தட்டால் மூடி வைக்கிறாள், பூ வைத்துக்கொள்கிறாள். விசயம் தெரியாமல் இல்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய கூட்டத்தில் ஒருவன் அவள் கடையில் நின்று, "தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா யக்கா?" என்று கேட்டுத் தொலைத்திருந்தான். ஆனால் மாசானத்தின் மகன் சுடலைமணி போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தை, நீங்கள் வந்து எண்ணெய் தொட்டு வைக்காமல் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் கழியாது, வாருங்கள் என்று கெஞ்சியபோது, அவள் கையை விடுவித்துக்கொண்டு மாவைக் கரைத்தாளாம்.

"எந்தம்பி சாவலயே. செத்திருந்தா எனக்குக் கேதம் சொல்லியிருப்பியல்லா?"

"சேதி போட்டோமே அத்தை. ஊருக்கே வந்துச்சே."

"எனக்கு வரலய்யா. எனக்கு ஏதோ கட்டம் கட்டமா ஒண்ணு வந்துச்சு. ரீசார்ஜ் பண்ணச் சொல்லுதாம்போலன்னு நான் மாவாட்டப் போயிட்டேன்."

இதைச் சுடலைமணி டீக்கடையில் சொல்லி அழுதபோது சொரிமுத்து பெஞ்சின் ஓரத்தில்தான் இருந்தான். அவன் வாயிலிருந்து, அவன் எதுவும் பேச நினைக்காமலே, ஒரு பெட்டி நழுவி மடியில் விழுந்தது.

அன்று மத்தியானம் நூருன்னிசாவின் சேதி வந்தது. நூருன்னிசா என்பவள் எங்கோ கடற்கரை ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறவள், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஊர்ச்சேதியைக் கட்டிக்காக்கிறவள். யார் எதை எழுதி அனுப்பினாலும் அவள் பார்த்துத்தான் உள்ளே சேர்ப்பாள். "அண்ணே, ஏதோ பழைய கைபேசியில கட்டமா வருதுன்னு ஒரு புகார். நீங்க பழைய கைபேசியிலயும் பார்த்தேன்னு எழுதியிருந்தீங்கள்ல, அது எந்தக் கைபேசின்னு சொன்னா, இது ஏன் வருதுன்னு கண்டுபிடிச்சிரலாம். அப்புறம் இன்னொண்ணு. புதுசா எழுத வர்றவங்க எதை எதை எங்கெங்க ஓட்டிப் பார்த்துட்டு அனுப்பணும்னு நம்மகிட்ட ஒழுங்கா எழுதி வச்சதே இல்ல. பொறுப்பாப் பார்க்கிறவர் நீங்க. நீங்களே எழுதிக் குடுங்க."

அவள் சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நம்பிக் கேட்டாள். சொரிமுத்து மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தூங்குவதுபோல் பாவனை செய்தான். பிரமு கூடையை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். வீட்டில்தான் பேச்சு வந்ததே.

"எந்திரிங்க," என்றாள் அவள். "முழிச்சிட்டே கெடக்கவனுக்குப் பாய் எதுக்கு?"

அவன் எழுந்து உட்கார்ந்து எழுதினான். எதை எதை எங்கெங்கே பார்க்கவேண்டும் என்று தனக்குத் தோன்றியதையெல்லாம், பொறுப்புள்ளவனைப் போல, பெரிய மனிதனைப் போல, வரிசைபிடித்து எழுதி அனுப்பினான். அவன் திரையில் அது அத்தனை அழகாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் பதில் வந்தது.

"அண்ணே, முழுக்கப் பெட்டியா வருது."

அதற்குப் பிறகு நடந்தது யோசித்துச் செய்ததில்லை. மறுநாள் டீக்கடையில் வன்னியராசு தன் கைபேசியை நீட்டி, "எல்லாரும் உம்ம எழுத்து அழகுன்னு சொல்லுதாவ. எனக்கு என்னமோ கொம்பு ஒரு வரியிலயும் எழுத்து மறு வரியிலயுமா வருது. என் கண்ணுதான் கோளாறோன்னு சொல்லாம இருந்தேன்," என்றான். சொரிமுத்துக்குக் காது சுட்டது. வீட்டுக்கு ஓடி மடிக்கணினியை எடுத்துவந்து, அதே பெஞ்சில், வடை வேகிற புகையில் உட்கார்ந்து, அந்தக் கைபேசியில் ஏன் அப்படி வருகிறது என்று பார்த்து, திருத்தி, மறுபடி ஓட்டி, கொம்பு எழுத்தோடு சேர்ந்ததும், பழக்கத்தில், "இப்பப் பாரும்," என்றான்.

பேச்சாக வந்தது. பெட்டி விழவில்லை. அந்தப் பெஞ்சில், அந்தக் கூரைக்குக் கீழே மட்டும்.

பிறகு அவன் ஓயவில்லை. இரவு முள்ளைப் பார்ப்பான், பகல் வாசல் ஏறுவான். முடிதிருத்துகிற கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த பலகைக் கணினியில் எழுத்தின் தலை வெட்டுப்பட்டுக் கிடந்தது, அதை நிமிர்த்தினான். தலைமையாசிரியை வீட்டுப் பெரிய கணினியில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தன, அதை இறக்கினான். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய கைபேசியை உறை பிரிக்காமல் பீரோவில் பூட்டிவைத்திருந்தவரிடம் கெஞ்சித் திறக்கவைத்துப் பார்த்தான். கண் தெரியாத இசைத்தட்டு வியாபாரிக்குச் சேதியை வாசித்துக்காட்டுகிற கைபேசி, சுழியெழுத்து வந்த நாளிலிருந்து ஊமையாகிப்போய், அவரும் யாரிடமும் சொல்லாமல் ஊரோடு தொடர்பற்றுக் கிடந்தார், அவர் காலடியில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அதற்கு வாய் கொடுத்தான். எந்த வீட்டில் சரியாக்கினானோ அந்த வீட்டில் அவன் பேச்சு திரும்பியது. எந்த வாசலில் பார்க்கவில்லையோ அந்த வாசலில் பெட்டி விழுந்தது. வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று கோணலாக வந்திருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை. தங்கள் கைபேசிதான் மட்டம், தங்கள் கண்தான் மங்கல், தாங்கள்தான் படிக்காதவர்கள் என்று அவரவர் வெட்கத்தை அவரவர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அது தன் வெட்கம் என்று அவர்களிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு வந்தான் சொரிமுத்து.

பெண்களுக்குத்தான் வருத்தம். "நல்லாத்தான பெட்டி விட்டுட்டு இருந்திய," என்று ஒருத்தி குறைப்பட்டாள். "இப்ப வெறும் பேச்சா வருது."

ஊர் முழுக்க ஏறி இறங்கியாயிற்று. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை.

"ஒத்த வீட்டுக்குப் போவப் பயந்துக்கிட்டு ஊர் பூரா சுத்துதிய," என்றாள் பிரமு, சோறு போட்டுக்கொண்டே.

"அது ரொம்பப் பழைய கைபேசி பிரமு. அந்த மாதிரி இப்ப யாருமே செய்யறதில்ல. ஊர்லயே அது ஒண்ணுதான்."

"ஊர்லயே மாசானத்துக்கு அக்காவும் ஒண்ணுதான்."

அவன் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, வாசல் வாசலாகத் தெரிந்துகொண்டதையெல்லாம் வைத்து, நூருன்னிசா கேட்டதை முதலிலிருந்து புதிதாக எழுதினான். எந்தெந்தக் கருவியில் பார்க்கவேண்டும், பார்க்கும்போது கொம்பைப் பார், தலையைப் பார், வாசிக்கிற குரலைக் கேள், உன் வீட்டில் வந்துவிட்டதென்று எழுந்துவிடாதே. எல்லாம் எழுதினான். கடைசியில், நியாயமானதுதான், உலகம் முழுக்க எல்லா மென்பொருள்காரர்களும் எழுதுகிற வரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "மிகப் பழைய கைபேசிகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினான். அந்த வரி நின்றுவிட்டால் அவன் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டவேண்டியதில்லை.

பதில் வந்தது. "அண்ணே, இப்ப எழுத்து அருமையா வருது. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. கடைசி வரி மட்டும் பெட்டியா இருக்கு. அதுல என்ன எழுதியிருந்தீங்க?"

சொரிமுத்து மடிக்கணினியை மூடினான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல வெயிலில் கிளம்பினான்.

உலகம்மாள் யாவாரம் முடிந்து, இட்லித் துணியைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் பிச்சிப்பூ. அவன் வாசலில் நின்று, "யக்கா," என்றான். மூன்று பெட்டி அவள் காலடியில் போய் நின்றது. அவள் குனிந்து எடுத்தாள், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"இதுதானா அது," என்றாள். "ஊர்ல எல்லா வீட்லயும் உன் பேச்சு மிளகு போட்டுக் கெடக்காம். எங்க வீட்ல மட்டும் ஒண்ணுகூட இல்ல. நீதான் இந்தப் பக்கமே வரலயேல."

அவன் கையை நீட்டிக் கைபேசியைச் சாடை காட்டினான். அவள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்தாள். முதுகு கழன்றுவிடாமல் ரப்பர் வளையம் போட்டுக் கட்டியது, முகத்தில் விரிசல். உயிர் கொடுத்ததும் அந்தச் சேதியே முதலில் வந்து நின்றது. அவள் அழிக்கவில்லை. மூன்று வரி, முழுக்கக் கட்டம் கட்டமாக. தெருவில் விழுந்த அதே பெட்டிகள், பொடிப்பொடியாக.

"இதுக்குள்ளதான் எந்தம்பி கெடக்கான்னு சொல்லுதான் சுடலைமணி," என்றாள். "நான் தெனமும் பாக்கேன். ஒண்ணும் தெரியல."

சொரிமுத்து வாசலிலேயே தரையில் உட்கார்ந்தான். விசயம் சின்னதுதான், பார்த்திருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். அந்தக் கைபேசி பிறந்த காலத்தில் இல்லாத எழுத்தை அவன் அதற்குக் கொடுத்திருந்தான். தனக்குத் தெரியாத எழுத்துக்கு அது மரியாதையாக ஒரு காலிப் பெட்டி போட்டு வைத்திருந்தது. பழைய எழுத்தையும் கூடவே அனுப்பினால் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும். செய்தான், ஓட்டினான், வரவில்லை, மறுபடி செய்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உலகம்மாள் உள்ளே போய், மூடி வைத்திருந்த தட்டைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். ஆறிப்போன இட்லி, ஓரத்தில் மிளகாய்ப்பொடி, எண்ணெயில் குழைத்தது.

அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"தின்னுல. அவன் வரலன்னா யாராவது திங்கணும்லா. தெனமும் காக்காதான் திங்குது."

தின்றான். மிளகாய்ப்பொடியையும் வழித்துத் தின்றான்.

கடைசித் தட்டலுக்குத் திரை ஒருமுறை இருண்டு எழுந்தது. முதல் பெட்டி உடைந்து எழுத்தானது, அடுத்தது, விரிசலைத் தாண்டி அடுத்த வரி. அவன் கைபேசியை அவளிடம் நீட்டினான். உலகம்மாள் அதைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, ஆள்காட்டி விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, சின்ன வகுப்பில் படித்ததுபோல ஒவ்வொன்றாகக் கூட்டினாள்.

"தையற்கடை... மாசானம்... இன்று காலை... காலமானார்." மூச்சு வாங்கினாள். "மாலை... வெயில் தாழ... எடுக்கிறோம். வேண்டியவர்கள்... வந்துசேரவும்."

அவள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். வெயில் இன்னும் பனைமரத்து மட்டையில் இருந்தது.

"இன்னைக்கா?" என்றாள். "வெயில் தாழத்தான எடுக்காவ? அப்ப நேரம் இருக்கு." பூவை உருவிப் போட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்புக்குக் காலை நீட்டினாள். "கோடித்துணி எடுக்கணும். ஏல, கடை தொறந்திருக்குமா? முகத்த மூடிறப் போறாவ, ஓடிப்போய் நான் வாரேன்னு சொல்லு. அக்காக்காரி வாரா, எடுத்திராதியன்னு சொல்லு."

வாசலுக்கு வெளியே, செம்மண்ணில், வெறுங்காலோடு நின்ற சொரிமுத்துக்கு அப்போதுதான் தெரிந்தது, தான் எதைப் பழுதுபார்த்துவிட்டு நிற்கிறோம் என்று. அவன் வாயைத் திறந்தான். பெட்டி விழுந்தால் தேவலை என்று இருந்தது. விழவில்லை.

"எடுத்தாச்சுக்கா," என்றான். "அன்னைக்கே எடுத்தாச்சு. உங்களுக்குச் சேதி தெரியாமப் போனது என்னால. உங்க கைபேசில வருதான்னு நான் பாக்கல. பாக்காமலே பார்த்தேன்னு எழுதுனேன்."

ஒவ்வொரு எழுத்தும் முழுசாக, கேட்கிற மாதிரி வந்தது.

உலகம்மாள் செருப்பில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து கிளம்பியது தண்டவாளத்தைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, பால் நிலையத்தைத் தாண்டிப் போனது. அரிவாள்மனையில் பெட்டி சீவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். கேதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, தலையை அவிழ்த்துக்கொண்டு, அன்றைக்குத்தான் செத்தது மாதிரி வந்து அவளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். சுடலைமணி வந்து அத்தை காலடியில் விழுந்தான். யாரும் சொரிமுத்துவை அடிக்கவில்லை, ஏசவில்லை, போகச் சொல்லவில்லை. அவன் வேலை சரியாக முடிந்ததற்கு அந்த அழுகைதான் அத்தாட்சி என்பதால் அவன் அதைக் கடைசிவரை நின்று கேட்டான்.

நூருன்னிசாவை மறுநாள் கைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கத்தில் யாரோ தலைவலி மாத்திரை கேட்பதும், அவள் எடுத்துக் கொடுப்பதும் கேட்டது.

"பார்த்தேன்னு எழுதத்தான் அதுல இடம் இருந்துச்சுல்ல அண்ணே," என்றாள் கடைசியில். "பார்க்கலன்னு எழுத நாங்க இடமே வைக்கல."

"இடம் இருந்திருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேம்மா," என்றான் அவன்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கான அந்தக் குறிப்பு இன்றும் ஊர்ச்சேதியின் வாசலில் இருக்கிறது. கடைசி வரியாக, பெட்டியாக வந்த அந்த வரிக்குப் பதிலாக, ஒரு கேள்வி இருக்கிறது: உலகம்மாள் வீட்டில் பார்த்தாச்சா? பார்க்கவில்லை என்று எழுதவும் அதில் இடம் உண்டு, எழுதுகிறவர்களை யாரும் குறைவாக நினைப்பதில்லை. உலகம்மாள் யாரென்று தெரியாத, நொச்சிக்கரை எந்தத் திசையில் என்று தெரியாத, தமிழே பேசவராத யார் யாரோ, தங்கள் வேலையை அனுப்பும்போது அந்த இடத்தில், "உலகம்மாள் வீட்டில் இன்னும் பார்க்கவில்லை, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதுகிறார்கள்.

எழுதினால் சொரிமுத்து பையை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறான். உலகம்மாள் இப்போது பூ வைத்துக்கொள்வதில்லை. அவனைத் தூரத்தில் பார்த்ததுமே, சுருக்குப்பையிலிருந்து கைபேசியை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "ஏல, இன்னைக்கு யாரு?" என்று கேட்கிறாள்.

"யாருமில்லக்கா," என்கிறான் அவன், ஒவ்வொரு முறையும் முகத்தை நேராகப் பார்க்கமுடியாமல். "சும்மா, உங்களுக்கு வருதான்னு பாக்கத்தான் வந்தேன்."